எழுபது வளைவு, எழுபது இழை

ஆத்தூரில் சேலம் நெடுஞ்சாலையை விட்டு மல்லியகரைப் பக்கம் திரும்பியதும் பயணத்தின் குணமே மாறிவிடுகிறது. அதுவரை நடுவில் தடுப்பு வைத்த அகலச் சாலை, எதிர்வண்டியின் வெளிச்சம் கண்ணில் படாது. இங்கே சாலை குறுகி, இருபுறமும் குச்சிக்கிழங்குக் காடுகள் வந்துவிடுகின்றன. ஜவ்வரிசி ஆலைகளின் புளித்த வாடை காற்றில் வருகிறது. நாமகிரிப்பேட்டையை நெருங்க நெருங்க மஞ்சள் மணக்கத் தொடங்கும். பகலில் இதைவிட இனிமையான குறுக்குவழி சேலம் வட்டாரத்தில் இல்லை என்பேன். ஆனால் பொழுது சாய்ந்த பிறகு இந்தச் சாலையில் நமக்கு இருப்பது நம் ஹெட்லைட் மட்டும்தான்.

சென்னையிலிருந்து கொல்லிமலைக்குப் புறப்பட்டிருந்தேன். வண்டி, எழுபதுகளில் திருவொற்றியூரில் உருவான புல்லட் 350. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துக் கம்பெனியோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் கைகோத்து 1955இல் சென்னையில் தொடங்கிய வேலையின் வாரிசு. இன்று வருகிற வண்டிகள் 12 வோல்ட்டில் ஓடுகின்றன. என்னுடையது 6 வோல்ட். பலர் இதை 12 வோல்ட்டுக்கு மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. அந்த வண்டி எப்படிப் பிறந்ததோ அப்படியே நன்றாக ஓட வேண்டும் என்பது என் ஆசை.

மல்லியகரை தாண்டியபோது இருட்டிவிட்டது. ஹெட்லைட் எரிந்தது, ஆனால் பழுத்த எலுமிச்சை நிறத்தில். ஹாரன் அடித்தால் வெளிச்சம் கண் செருகியது. பிரேக்கை மிதித்தால் இன்னும் மங்கியது. பேட்டரி புதிது, பல்பும் புதிது. அப்படியிருந்தும் ஒன்றை இயக்கினால் இன்னொன்று சோர்கிறது என்றால், மின்சாரம் வருகிற வழி குறுகலாக இருக்கிறது என்று அர்த்தம். ஒரு லாரியின் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டே ராசிபுரம் வழியாக நாமக்கல் போய்ச் சேர்ந்தேன். அந்த வெளிச்சத்தோடு மலையேறுவதில்லை என்று வழியிலேயே முடிவு செய்துவிட்டேன்.

வயரிங் பார்க்க நாமக்கல்லை விடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கடினம். லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகளுக்குப் பேர் போன ஊர் இது. பக்கத்தில் திருச்செங்கோடு ரிக் வண்டிகளுக்கு, சங்ககிரி மறுபடியும் லாரிகளுக்கு. கோட்டைப் பாறையை முதுகில் வைத்துக்கொண்டு நெடுஞ்சாலைப் பக்கம் போனால் தச்சுவேலை, வெல்டிங், பெயின்ட், எலக்ட்ரிக்கல் என்று பட்டறை பட்டறையாக வருகிறது. காலையில் ஒரு லாரி எலக்ட்ரீஷியனிடம் வண்டியை நிறுத்தினேன். அறுபதைக் கடந்தவர். புல்லட்டைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, பல்பு எத்தனை வாட்ஸ் என்பதல்ல.

“ஏனுங்க தம்பி, பேட்டரியிலிருந்து ஹெட்லைட்டுக்கு ஒயர் எத்தன அடி ஓடுது?”

எனக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்துப்போனது. வயர் வாங்கப் போகிற பெரும்பாலோர் “இத்தனை வாட்ஸ் தாங்குமா” என்றுதான் கேட்கிறார்கள். தாங்குவது வேறு, கொண்டுபோய்ச் சேர்ப்பது வேறு. ஒல்லிக் கம்பியிலும் ஹெட்லைட் எரியும். கம்பி சுடாது, உருகாது. ஆனால் வழியிலேயே வோல்ட்டில் ஒரு பங்கைத் தின்றுவிடும். லாரிக்காரருக்கு இது கைப்பழக்கம். கேபினிலிருந்து டெயில் லைட் வரை முப்பது அடி ஓட வேண்டிய வண்டியில் வேலை செய்பவர் நீளத்தை மறக்க முடியாது.

டேங்கைக் கழற்றினோம். உள்ளே இருந்த கதை தெளிவாகத் தெரிந்தது. எப்போதோ, யாரோ, அவசரத்தில் பழுது பார்த்திருக்கிறார். ஹேண்டில் திரும்புகிற கழுத்துப் பகுதியில் வீட்டு வயரிங்குக்குப் போடும் 3/22 கம்பியைச் சேர்த்து முறுக்கி டேப் சுற்றியிருந்தார். மூன்று இழை, ஒவ்வொன்றும் 22 கேஜ். சுவருக்குள் அசையாமல் கிடக்க வேண்டிய கம்பி அது. இங்கே ஒவ்வொரு திருப்பத்திலும் வளைந்து நிமிர்ந்து, மூன்றில் இரண்டு இழை அறுந்து போயிருந்தது. மீதி ஒற்றை இழையில்தான் சென்னையிலிருந்து வந்திருக்கிறேன்.

கடையில் 40/36 என்று ஒரு ஃபிளெக்சிபிள் வயர் கிடைக்கிறது. 36 கேஜில் நாற்பது இழை. செம்பின் மொத்தக் குறுக்களவைக் கணக்குப் போட்டால் 3/22க்கும் 40/36க்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: இரண்டும் 1.2 சதுர மில்லிமீட்டரை ஒட்டி வரும். மின்சாரத்துக்கு இரண்டும் சமம். ஆனால் நடுங்கும், திரும்பும் வண்டிக்கு இரண்டும் சமமே இல்லை. தலைமுடி போன்ற நாற்பது இழை ஆயிரம் முறை வளைந்தாலும் பொறுக்கும். தடித்த மூன்று இழை கொஞ்ச நாளில் களைத்து ஒடியும். மோட்டார்சைக்கிளுக்குக் கம்பி எடுக்கும்போது சதுர மில்லிமீட்டரை மட்டும் பார்த்தால் போதாது. அது எத்தனை இழையால் ஆனது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

இந்தப் பின்னக் கணக்கு வெள்ளைக்காரன் காலத்துப் பாக்கி. மேலே இழைகளின் எண்ணிக்கை, கீழே கேஜ். பழைய பிரிட்டிஷ் வண்டிகளுக்கு 14/012 என்று எழுதுவார்கள்: பதினான்கு இழை, ஒவ்வொன்றும் அங்குலத்தில் 0.012. அதுவே இன்று 14/0.30 ஆகி, 1 சதுர மில்லிமீட்டர் என்று நிற்கிறது. நம் கடைகளில் 14/36, 23/36, 40/36, 70/36. இங்கே ஒரு பொறி இருக்கிறது. பழைய புத்தகத்தில் 14 என்று பார்த்துவிட்டுக் கடையில் 14/36 கேட்டால், கிடைப்பது 0.4 சதுர மில்லிமீட்டர்தான். வேண்டியதில் பாதிகூட இல்லை. 36 கேஜ் இழை 0.19 மில்லிமீட்டர் மட்டுமே. ஆகவே 23/36 என்றால் 0.67, 40/36 என்றால் 1.17, 70/36 என்றால் 2.05 சதுர மில்லிமீட்டர். இந்த நான்கு எண்களை மனதில் வைத்துக்கொண்டால் எந்த ஊர்க் கடையிலும் ஏமாறாமல் வாங்கலாம்.

பெரியவர் ஒரு சணல் கயிற்றை எடுத்தார். பேட்டரிப் பெட்டியில் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, கம்பி போகிற அதே வழியில் கயிற்றை விட்டார். டேங்குக்கு அடியில், கழுத்தைச் சுற்றி, ஹெட்லைட் கூட்டுக்குள், அங்கிருந்து ஹேண்டில் பாரில் டிம்-பிரைட் சுவிட்ச், திரும்பப் பல்பு. இதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவர் கயிற்றைப் பல்பிலிருந்து மறுபடியும் பேட்டரிக்கே கொண்டுவந்தார். “போனா மட்டும் போதுமாங்க? திரும்பி வரோணுமல்ல.” கயிறு மொத்தம் 4 மீட்டர் வந்தது. கண்ணால் பார்த்தால் வண்டியில் பேட்டரிக்கும் ஹெட்லைட்டுக்கும் ஒரு மீட்டர்தான் இருக்கும் போலத் தெரியும்.

இனி கணக்கு. பல்பு 35 வாட்ஸ், 6 வோல்ட். வகுத்தால் 5.8 ஆம்பியர். 14/36 கம்பி மீட்டருக்கு 0.042 ஓம் தடுக்கும். 4 மீட்டருக்கு 0.168. இதை 5.8ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1 வோல்ட். ஆறில் ஒன்று வழியிலேயே போய்விட்டது. 40/36 போட்டால் இழப்பு 0.35 வோல்ட்டாகக் குறையும். 70/36 போட்டால் 0.2தான். ஒரு வோல்ட் போனால் என்ன என்று கேட்கலாம். இழைப் பல்பின் குணம் அப்படி: வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஆறில் ஒரு பங்கு குறைந்தால் பாதியை நெருங்கிவிடும். கழற்றுவதற்கு முன்னால் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்திருந்தோம். லைட் எரியும்போது பேட்டரி முனையில் ஒரு ஊசி, ஹோல்டரில் ஒரு ஊசி. மீட்டர் காட்டுவது நேரடியாக வழி இழப்பு. போகும் வழியையும் திரும்பும் வழியையும் இப்படித் தனித்தனியே அளந்து கூட்டினால் 1.4 வோல்ட். ஒற்றை இழையும் துருவேறிய முனைகளும் சேர்ந்து செய்த வேலை.

பட்டறையில் நின்ற லாரியில் பின்விளக்குக்கு 14/36தான் ஓடியது. பத்து மீட்டர் ஓட்டத்துக்கு அது போதுமா என்று கேட்டேன்.

“இருபத்திநாலு வோல்ட்டுக்குப் போதுமுங்க. உங்க ஆறு வோல்ட்டுக்கு ஆகாதுங்க.”

இதற்குள் முழுப் பாடமும் அடங்கியிருக்கிறது. அதே 35 வாட்ஸ் பல்பு 24 வோல்ட்டில் 1.5 ஆம்பியர் கேட்கும், 12இல் 2.9, 6இல் 5.8. வோல்ட் பாதியானால் ஆம்பியர் இரட்டிப்பாகிறது, இழப்பும் இரட்டிப்பாகிறது. அந்த இரட்டிப்பு இழப்பு, பாதியாகிவிட்ட வோல்ட்டிலிருந்து போகிறது. ஆகவே பங்குக் கணக்கில் நான்கு மடங்கு. 24க்கும் 6க்கும் இடையில் பதினாறு மடங்கு. ஒரே கம்பி, ஒரே நீளம், ஒரே பல்பு; லாரியில் நூற்றுக்கு ஒன்று போகும் இடத்தில் என் வண்டியில் பதினாறு போகும். பழைய 6 வோல்ட் வண்டிகளின் வெளிச்சத்தைக் கேலி செய்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். அந்த விளக்குகள் மோசமானவை அல்ல. பின்னால் போட்ட ஒல்லிக் கம்பிகள் அவற்றை மூச்சுத் திணற வைத்தன.

அதற்காக எல்லா இடத்திலும் 70/36 போட்டுவிட முடியாது. டிம்-பிரைட் சுவிட்சின் முனைகள் சின்னவை, அவற்றில் தடித்த கம்பி உட்காராது. கழுத்தில் தடிமனான கட்டு போனால் ஹேண்டில் முழுக்கத் திரும்பாது. ஸ்பீடோமீட்டர் பல்பு 3 வாட்ஸ், அரை ஆம்பியர். அதற்கு 14/36 தாராளம். முகப்பில் இரண்டு பக்கமும் கண் போல இருக்கும் பைலட் பல்புகளுக்கும் அதுவே. டெயில் லைட்டுக்கு 23/36. பிரேக் லைட்டுக்கு 40/36, ஏனென்றால் 18 வாட்ஸ் பல்பு 6 வோல்ட்டில் 3 ஆம்பியர் இழுக்கிறது. ஹாரனுக்கும் 40/36.

நடுக்கம்பிதான் முக்கியம். புல்லட்டில் ஹெட்லைட் கூட்டின் மேல் ஆம்மீட்டர் இருக்கிறது. பேட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் முதலில் அந்த ஆம்மீட்டருக்குப் போய், அதைத் தாண்டிய பிறகே சுவிட்சுக்கும் மற்ற இடங்களுக்கும் பிரியும். ஹெட்லைட், டெயில் லைட், இக்னிஷன் காயில் மூன்றும் சேர்ந்தாலே 10 ஆம்பியர். பிரேக்கும் ஹாரனும் சேரும் நொடியில் 17ஐத் தொடலாம். ஹாரன் அடித்தால் வெளிச்சம் மங்கியதற்குக் காரணம் இந்த ஒரு கம்பிதான். ஹாரனின் ஆம்பியரும் ஹெட்லைட்டின் ஆம்பியரும் ஒரே ஒல்லி வழியில் இடித்துக்கொண்டு போயிருக்கின்றன. பேட்டரி முதல் ஆம்மீட்டர் வரை, அங்கிருந்து சுவிட்ச் வரை 70/36 இழுத்தோம். சுவிட்சிலிருந்து டிம்-பிரைட்டுக்கும் பல்புக்கும் 40/36.

திரும்பி வரும் வழிக்கு வண்டியின் உடம்பையே நம்புவது வழக்கம். பாடி எர்த். நின்றுகொண்டிருக்கும் இரும்புக்கு அது சரி. ஆனால் ஹெட்லைட் கூடு ஃபோர்க்கின் மேல் இருக்கிறது. ஃபோர்க் சட்டத்தோடு சேருவது கழுத்துக் குண்டுகள் வழியாக மட்டும்தான். கிரீஸ் பூசிய குண்டுகள் வழியே 6 ஆம்பியர் போகச் சொல்வது நியாயம் இல்லை. போகிற கம்பி எவ்வளவு தடிமனோ, அதே தடிமனில் ஒரு எர்த் கம்பியை ஹெட்லைட் கூட்டிலிருந்து நேராகப் பேட்டரிக்குக் கொண்டுவந்தோம். மங்கிய விளக்கோடு வருகிற பழைய வண்டிகளில் எதையும் தொடாமல் இந்த ஒரு கம்பியை மட்டும் இழுத்தாலே வெளிச்சம் மாறும் என்று பெரியவர் சொன்னார். நான் பார்த்த வண்டிகளிலும் அப்படித்தான்.

கம்பி வாங்கப் பையனை அனுப்பும்போது ஒரு பிளேடையும் கொடுத்து அனுப்பினார். மேலே செம்பு பூசி உள்ளே அலுமினியமாக இருக்கும் கம்பி மலிவாகக் கிடைக்கிறது. பார்த்தால் தெரியாது. இழையை பிளேடால் சுரண்டினால் வெள்ளி நிறம் பளிச்சிடும். அது செம்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவாகத்தான் மின்சாரம் கடத்தும். 70/36 என்று நம்பிப் போட்டால் 40/36க்கும் சற்று மேலாக வேலை செய்யும். நடுங்கும் இடத்தில் சீக்கிரம் ஒடியவும் செய்யும்.

முனைகளுக்கு ஈயம் வைக்கலாமே என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தார். ஈயம் இழைகளுக்குள் ஊறி உள்ளே ஏறும். ஊறிய வரை நாற்பது இழையும் ஒரே கட்டிக் கம்பியாகிவிடும். அது முடிகிற இடத்தில்தான் நடுக்கம் முழுவதும் விழுந்து இழைகள் அறும். 3/22 ஒடிந்த அதே காரணம். லக்கைப் போட்டு, சரியான பிளையரால் இறுக்கி அமுக்கி, பின்னால் பிளாஸ்டிக் ஸ்லீவ் ஏற்றி, சட்டத்தில் கட்டினார். இன்ஜினுக்குப் பக்கத்தில் போகும் இடங்களில் மட்டும் சூடு தாங்கும் நார்க்குழாய்.

பேட்டரிக்கு மிக அருகில் 15 ஆம்பியர் நீல ஃப்யூஸ். 17 ஆம்பியர் தொடும் என்று சொன்னேனே. பிரேக்கும் ஹாரனும் சேரும் அந்த ஓரிரு நொடிக்கு 15 போகாது. ஃப்யூஸைப் பல்புக்காகத் தேர்ந்தெடுக்கிறவர்கள் உண்டு. அது காப்பாற்ற வேண்டியது கம்பியை. 70/36 தாங்குகிற அளவுக்குள் ஃப்யூஸ் இருக்க வேண்டும். எங்காவது உறை தேய்ந்து கம்பி சட்டத்தில் பட்டால் டேங்குக்கு அடியில் தீப்பிடிக்காமல் இருப்பதற்கு அந்த நீலத் துண்டுதான் பொறுப்பு.

மாலை சரியும்போது சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி வந்தேன். அடிவாரம். இங்கிருந்து மேலே எழுபது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. முதல் சில வளைவுகள் வெளிச்சத்தோடு போயின. காடு இரண்டு பக்கமும் நெருங்க, இருபதாவது பலகையைத் தாண்டும்போது விளக்கைப் போட்டேன். சாலையின் வெள்ளைக் கோடு, கல் சுவர், அதன் மேல் பாசி எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. எலுமிச்சை நிறம் போய், வெண்மை வந்திருந்தது. ஹாரன் அடித்தேன். வெளிச்சம் அசையவில்லை. மனம் நிறைந்தது. வளைவுக்கு முன் ஹாரன் அடிப்பது மலையின் ஒழுங்கு. அதைச் செய்யும் அதே நொடியில் பாதை மங்கினால் அதைவிட ஆபத்து எதுவும் இல்லை.

கொண்டை ஊசி வளைவில் இன்னொரு உண்மை தெரிகிறது. முதல் கியரில் ஊர்ந்து திரும்பும்போது இன்ஜின் மெதுவாகச் சுற்றுகிறது, ஆல்டர்னேட்டர் தருவது குறைகிறது, ஆம்மீட்டர் முள் கழித்தல் பக்கம் சாய்கிறது. விளக்கைத் தூக்கிப் பிடிப்பது பேட்டரி மட்டுமே. அந்த நேரத்தில் கம்பியில் வீணாக்க ஒரு பொட்டு வோல்ட்கூட இல்லை. தடித்த கம்பி புதிதாக மின்சாரத்தை உண்டாக்கிவிடாது. பழைய ஆல்டர்னேட்டரிடம் உள்ளது உள்ளதுதான். இருப்பது பல்பு வரை போய்ச் சேர்கிறது. நேர்ச்சாலையில் முள் நிமிர்ந்து நடுவுக்கு வரும். அடுத்த வளைவில் மறுபடியும் சாயும். எழுபதாவது வளைவு வரை அதைப் பார்த்துக்கொண்டே ஏறினேன்.

செம்மேட்டில் வல்வில் ஓரி சிலைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி டேங்குக்கு அடியில் கை விட்டுப் பார்த்தேன். கம்பியில் சூடு இல்லை. மீட்டரை வைத்தேன். வழி இழப்பு போக வர சேர்த்து 0.35 வோல்ட். 70/36உம் 40/36உம் கலந்த வழிக்குக் கணக்கு சொல்வதைவிடச் சற்று அதிகம். சுவிட்சின் பழைய முனைகள் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

டீக்கடையில் பலாப்பழம் ஏற்றும் ஜீப்காரர் ஒருவர் என் மீட்டரைப் பார்த்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தார். அவர் ஜீப்பில் பனிமூட்டத்துக்கு இரண்டு ஃபாக் லைட், 55 வாட்ஸ் வீதம். போட்ட நாளிலிருந்தே சுவிட்ச் சுடுகிறதாம், வெளிச்சமும் மஞ்சளாகவே இருக்கிறதாம்.

“பேட்டரியிலிருந்து லைட்டுக்கு எவ்வளவு தூரங்கண்ணா?” என்று கேட்டேன்.

கையால் முழம் போட்டுக் காட்டினார். இரண்டரை மீட்டர். போக வர ஐந்து. 12 வோல்ட்டில் 110 வாட்ஸ், 9.2 ஆம்பியர். 40/36 போட்டால் 0.68 வோல்ட் போகும், 70/36 என்றால் 0.39. சுவிட்ச் சுடுவது, அந்த 9 ஆம்பியரும் டேஷ்போர்டைச் சுற்றிப் போவதால். ஒரு ரிலே வைத்தால் சுவிட்சுக்குக் கால் ஆம்பியர்கூட வராது. ரிலேயின் 30ஆம் முனைக்குப் பேட்டரியிலிருந்து நேராக 70/36, நடுவில் 15 ஆம்பியர் ஃப்யூஸ். 87இலிருந்து லைட்டுகளுக்கு அதே 70/36, எர்த்துக்கும் அதே. 85, 86க்கு 14/36. பீடிக்கட்டின் அட்டையைப் பிரித்து அதன் பின்புறத்தில் இதை வரைந்து கொடுத்தேன். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நாளைக்குச் சந்தைக்கு இறங்கும்போது நாமக்கல்லில் எந்தக் கடையில் வாங்குவது என்று கேட்டார். கடையைச் சொன்னேன். பிளேடு எடுத்துப்போகச் சொன்னேன்.